அசைக்காத தொட்டி

“டீச்சர், நீங்க பத்து நாள் என் வீட்ல வந்து தங்கணும்,” என்றார் தெய்வசிகாமணி.

மார்த்தா நிமிரவில்லை.

அவள் மடியில் ஒரு தேவதாரு இருந்தது. சாண் உயர மரம். ஊசியிலைகள் எல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. அது தெய்வசிகாமணியுடையது அல்ல, பேக்கரி சலீமுடையது. சலீம் எதிரே குந்தி உட்கார்ந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினாள். அங்கும் பழுப்பு.

“போயிடுச்சு பாய்.”

“மூணாவது,” என்றார் சலீம். “நான் மாவு பிசைஞ்சா பொங்குது. மரம் வச்சா சாகுது. என்ன கை டீச்சர் இது?”

“தண்ணி அதிகம்.”

“போன தடவை தண்ணி கம்மின்னீங்க.”

“போன தடவை கம்மி.”

கோத்தகிரியிலிருந்து இறங்கும் சாலையின் வளைவில், பழைய கண்ணாடிக் குடில் ஒன்றில் மார்த்தா போன்சாய் மரங்கள் வளர்த்தாள். வயது நாற்பது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் அவளைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள். அவள் அவர்களை சார் என்றாள், பாய் என்றாள், டாக்டர் என்றாள். அதிகம் பேசமாட்டாள்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்தாறு. ஒன்பது வருடமாக அவளிடம் வருகிறார்.

“சார் மரத்தைப் பாருங்க,” என்றார் சலீம். “அது சாகவே சாகாது. சாவு அந்த வீட்டுக்கு வந்தாக்கூட, சார் ஷிஃப்ட் முடியட்டும்னு வெளியவே நிக்கும்.”

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை.

“ஒரு வேளை தப்பினா போயிடும் பாய். நான் தப்பினதில்லை. அவ்வளவுதான்.”

மார்த்தா செத்த மரத்தைக் கீழே வைத்தாள்.

“எதுக்கு சார் பத்து நாள்?”

“பொண்ணுக்குப் பிரசவம். விருதுநகர்ல. இப்பவே ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. பிரஷர் இருக்காம். மாப்பிள்ளை போன் பண்ணார்.”

“பொண்ணு பண்ணலையா?”

“பொற்கொடி கேக்க மாட்டா. ‘மாமா, அவ கேக்க மாட்டா, அதனால நான் கேக்கறேன்’னு மாப்பிள்ளையே சொன்னார்.”

“ஏன் கேக்க மாட்டாங்க?”

“போன தடவை கேட்டா.”

சலீம் எழுந்து போகலாமா என்று பார்த்தார். பிறகு அங்கேயே இருந்தார்.

“போன தடவை என்ன ஆச்சு?”

“குழந்தை தங்கலை. பொறக்கும்போதே இல்லை.”

“நீங்க போகலை.”

“ஏப்ரல் மாசம் டீச்சர். மூணு வருஷம் முன்னாடி. அந்த வருஷம் பொட்டு மழை இல்லை, உங்களுக்கே தெரியும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊத்தியே ஆகணும். அம்மா இல்லாத பொண்ணு, போகணும்னுதான் இருந்தேன். ரிலீவர் இல்லை.”

அந்தச் சொல்லை அவர் அடிக்கடி சொல்வார். முப்பது வருடத்துக்கும் மேலாக, மலைக்கு அடியில் ஒரு நீர்மின் நிலையத்தில் ஷிஃப்ட்டில் வேலை பார்த்தவர். அங்கே ஷிஃப்ட் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்றுக்கொள்ளும்வரை எழுந்து போக முடியாது. அந்த அடுத்த ஆள்தான் ரிலீவர். மனைவி இறந்த செய்தி வந்தபோதும், ரிலீவர் வந்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். அதை அவர் பெருமையாகவும் சொல்வதில்லை, வருத்தமாகவும் சொல்வதில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார்.

“இந்தத் தடவை போகலைன்னா அவ என்னை விட்டுருவா,” என்றார். “மாப்பிள்ளை குரல்லயே தெரிஞ்சுது.”

“அதனால ரிலீவர் நான்.”

“உங்களைத் தவிர யாரை நம்பறது?”

“என்னை நம்பலாமே சார்,” என்றார் சலீம்.

மூவரும் தரையில் கிடந்த குச்சி மரத்தைப் பார்த்தார்கள்.

“சரி, வேண்டாம்,” என்றார் சலீம்.

மார்த்தா மாணவர்களின் வீடுகளுக்குப் போவதில்லை. மரங்கள்தான் அவளிடம் வரும். கார் டிக்கியில், மடியில், பஸ்ஸின் கடைசி சீட்டில் என்று எப்படியாவது வந்து சேரும். தெய்வசிகாமணியின் மரம் மட்டும் ஒருமுறைகூட வந்ததில்லை. போட்டோ கொண்டுவருவார். வாடியதா, பூச்சியா, கிளை சரியில்லையா என்று எல்லாவற்றையும் போட்டோவிலேயே கேட்டுக்கொள்வார்.

“காட்டுங்க,” என்றாள்.

அவர் போனை நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

“எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்திருக்கீங்க.”

“அதான் டீச்சர் முன்பக்கம்.”

“அப்பப்ப திருப்பி வைக்கிறதில்லையா? எல்லாப் பக்கமும் வெயில் படணுமே.”

“அசைக்கக்கூடாதே.”

“யார் சொன்னா?”

“நீங்கதான்.”

“நானா?”

“மரத்தைக் குடுத்த அன்னைக்கு. ‘தேவதாருவுக்கு வேரைத் தொந்தரவு பண்ணினா பிடிக்காது சார், வச்ச இடத்திலேயே விடுங்க, அசைக்காதீங்க’ன்னீங்க. வச்ச இடத்திலேயே இருக்கு.”

மார்த்தா கடைசிப் படத்தில் அடிமரத்தின் மேல் இரண்டு விரல்களை வைத்து அகட்டிப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லா பருத்திருக்கு.”

“என் மணிக்கட்டைவிடப் பெரிசு டீச்சர்.” அவர் முகம் மலர்ந்தது. “அஞ்சு வருஷமா சும்மா பிய்ச்சிக்கிட்டுப் போகுது. எல்லாம் நேரம் தப்பாத தண்ணி.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்குக் காலையில வர்றேன்.”

தெய்வசிகாமணி இரண்டு கைகளாலும் கும்பிட்டார்.

*

மறுநாள் சலீம் தன் பேக்கரி வேனில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்.

“மரம் செத்துப்போனா என்னைக் கூப்பிடுங்க டீச்சர்,” என்றார். “அனுபவம் உண்டு.”

வேன் போய்விட்டது.

தெய்வசிகாமணி சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் சூட்கேஸ். மத்தியானம் மேட்டுப்பாளையம் பஸ். அங்கிருந்து மாறி மாறிப் போனால் விடிவதற்குள் விருதுநகர்.

அவளுடைய துணிப்பையை அவர் வாங்கிக்கொண்டார். கை தாழ்ந்தது.

“துணி இவ்வளவு கனமா?”

“துணி இல்லை சார்.”

அவர் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய், விரித்து வைத்த கட்டில், புது சோப்பு, ஹீட்டர் சுவிட்ச் எல்லாவற்றையும் காட்டினார். டீ போட்டுக் கொடுத்தார். அவள் குடிப்பதற்குள்ளேயே பொறுப்பை ஒப்படைக்கத் தொடங்கினார்.

“காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஊத்திடணும். குழாய்த் தண்ணி வேண்டாம். முந்தின நாள் பிடிச்சு வச்சது. மேலே பூவாளியால சுத்திவர. அடியில வழியற வரைக்கும். சாயங்காலமும் அப்படியே.”

“மழை பெஞ்சா?”

“பெஞ்சாலும்.”

“பெஞ்சாலுமா?”

“ஷிஃப்ட்னா ஷிஃப்ட்தான் டீச்சர். மழை பெய்யுதுன்னு நாங்க எந்திரிச்சுப் போவோமா?”

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

“ஒரு நாளாவது ஊத்தாம இருந்து பார்த்திருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப ஊத்தலைன்னா சாகும்னு எப்படித் தெரியும்?”

அவர் சிரித்தார்.

“சலீமைக் கேளுங்க.”

“மாப்பிள்ளைகிட்ட வர்றதாச் சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்லை. ரிலீவர் வந்து உக்காரட்டும்னு இருந்தேன்.”

*

மரம் பின்கட்டில் இருந்தது.

சமையலறைக் கதவைத் திறந்தால் இரண்டு படி. படிக்குக் கீழே சின்ன முற்றம். முற்றத்தின் ஓரத்தில் ஒட்டினாற்போல இரண்டு கருங்கல் பலகைகள். காற்றுக்குச் சாயாதிருக்க, பெஞ்சில் வைக்காமல் அந்தக் கற்களின் மேல் தொட்டியை வைத்திருந்தார். அதற்குப் பின்னால் வேலி. வேலிக்கு அப்பால் தேயிலைச் சரிவும், கண்ணுக்குத் தெரியாமல் சத்தம் மட்டும் கேட்கும் ஓடையும்.

மார்த்தா படியிலேயே நின்றுவிட்டாள்.

இரண்டு முழ உயரம். சாய்ந்து எழுந்த அடிமரம். மலை முகட்டில் நூறு வருடம் காற்று வாங்கிய மரம் ஒன்றைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்து, ஒவ்வொரு தட்டிலும் நீலப்பச்சை ஊசிகள் நெருங்கி நின்றன. அவள் குடிலில் இப்படி ஒன்று இல்லை.

“அழகா இருக்கு சார்,” என்றாள்.

ஒன்பது வருடத்தில் அவள் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லி அவர் கேட்டதில்லை. வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

“தூக்குங்க,” என்றாள்.

“என்ன டீச்சர்?”

“தொட்டியைத் தூக்குங்க.”

“எதுக்கு?”

“தூக்குங்க சார்.”

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். தொட்டியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துத் தூக்கினார்.

வரவில்லை.

“கனம்,” என்றார்.

“இது ஒரு ஆள் தூக்கற கனம்தான். தூக்குங்க.”

காலை அகட்டி வைத்து மறுபடி தூக்கினார். உச்சிக் கிளைகள் நடுங்கின. தொட்டி நடுங்கவில்லை. மூன்றாம் முறை மூச்சைப் பிடித்து இழுத்தபோது, தொட்டியோடு சேர்ந்து கல்லும், கல்லோடு சேர்ந்து தரையும் வரப் பார்ப்பதுபோல இருந்தது. கைகளை விட்டுவிட்டார்.

“கல்லோட ஒட்டிக்கிச்சு போல.”

மார்த்தா முழந்தாளிட்டாள்.

தொட்டிக்கு நான்கு குட்டைக் கால்கள். அவற்றால் தொட்டியின் அடிக்கும் கல்லுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்கப் பச்சைப் பாசி அடர்ந்திருந்தது.

“பாசி தானா வந்தது டீச்சர்,” என்றார் அவர். “நான் வைக்கலை. மரம் நல்லா இருந்தா அதெல்லாம் தானா வரும்.”

“இங்கே விரலை விடுங்க.”

அவரும் முழந்தாளிட்டார். அவள் காட்டிய இடத்தில் பாசிக்குள் விரலை நுழைத்தார். மெத்தென்று இருந்தது. அதற்குள் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. கல் அல்ல. பெருவிரலைவிடத் தடிமன். மேலே தொட்டிக்குள் போயிற்று. கீழே, இரண்டு கற்களுக்கும் இடையிலிருந்த பிளவுக்குள் போயிற்று.

விரலை எடுக்காமல் அவளைப் பார்த்தார்.

“வேர்,” என்றாள் மார்த்தா. “தண்ணி வடியற துளை வழியா இறங்கிடுச்சு. அதுக்கப்புறம் எங்க போயிருக்குன்னு தெரியாது. ஓடைக்குப் போயிருக்கலாம்.”

“ஓடை எங்கேயோ இருக்கு.”

“மரத்துக்கு என்ன அவசரம்?”

அவர் விரலை வெளியே எடுத்தார். ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்தார். சலவைச் சட்டையில் மண் பட்டது.

“எப்பலிருந்து?”

“எப்பலிருந்து பிய்ச்சிக்கிட்டுப் போகுதுன்னீங்க?”

“அஞ்சு வருஷமா.”

முற்றத்து மூலையில் தண்ணீர் பிடித்து வைத்த அண்டா இருந்தது. அதன்மேல் பூவாளி. அவர் அதையே பார்த்தார்.

“அப்ப நான் ஊத்தின தண்ணி?”

“நல்ல தண்ணிதான் சார்.”

“ஏப்ரல்ல…” என்று தொடங்கினார்.

நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் குரல் உயர்ந்தது.

“ஒன்பது வருஷம்! நீங்க ஏன் ஒரு தடவையாவது வந்து பாக்கலை?”

“நீங்க ஏன் ஒரு தடவையாவது தூக்கிப் பாக்கலை?”

“நீங்க சொன்னீங்க. அசைக்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க!”

“அந்த மாசத்துக்குச் சொன்னேன் சார். புதுசா நட்டது. வேர் பிடிக்கிற வரைக்கும்.”

“அந்த மாசத்துக்குன்னு நீங்க சொல்லலை.”

மார்த்தா யோசித்தாள்.

“சொல்லாம இருந்திருப்பேன்,” என்றாள்.

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. மேலே சண்டை போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மார்த்தா உள்ளே போய்த் துணிப்பையைக் கொண்டுவந்தாள். அதற்குள் கிடந்த கருவிகளிலிருந்து ஒரு ரம்பத்தை எடுத்தாள். மடக்கு ரம்பம். விரித்து, அவருக்கும் மரத்துக்கும் நடுவே கல்லின் மேல் வைத்தாள்.

“அறுத்தா சாகுமா?” என்று கேட்டார்.

“சாகலாம். பிழைக்கவும் செய்யலாம். ஆனா அறுத்துட்டா இது மறுபடி தொட்டி மரம். நிழல்ல வச்சு, காத்துப் படாம, பகல் முழுக்கத் தெளிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு வேளை தண்ணி தப்பினா அவ்வளவுதான். பக்கத்துல ஒருத்தர் இருந்தே ஆகணும்.”

“நீங்க இருப்பீங்களா?”

“நான் அறுக்கலையே.”

“அறுக்கலைன்னா?”

“யாரும் வேண்டாம்.”

கீழே சாலையில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவைக் கடந்தது. அவருடைய பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

“நான் ஊத்தாட்டியும் இருக்குமா?”

“உங்களைவிட, என்னைவிட ரொம்ப நாள் இருக்கும். கொஞ்ச நாள்ல தொட்டியைப் பிளந்துடும். அப்புறம் சும்மா ஒரு மரம்.”

“சும்மா ஒரு மரம்,” என்றார் அவர்.

எழுந்தார். ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

மார்த்தாவின் முகம் மாறியது.

“சார்.”

“அறுத்துடறேன் டீச்சர்.”

“சார், உங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்காங்க.”

“நாளைக்கு மறுநாள் போறேன். இல்லைன்னா அதுக்கு மறுநாள். இது கொஞ்சம் நிதானத்துக்கு வந்ததும். சலீமை ஒருவேளை பழக்கி விடலாம்.” வேகமாகப் பேசினார். “மாப்பிள்ளை இருக்கார். டாக்டருங்க இருக்காங்க. நான் போய் என்ன செய்யப் போறேன், வராண்டாவுல உக்காரத்தான் போறேன். இது வேற மாதிரி. இது என்னை நம்பி இருந்தது. நான் தினமும் எந்திரிச்சதே இதுக்குத்தான். இப்ப இது என் மரமே இல்லைன்னா, நான் இங்க உக்காந்திருந்தது எதுக்கு? அன்னைக்கு நான் போகாம இருந்தது எதுக்கு? சொல்லுங்க.”

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய் நின்றாள்.

அவர் முழந்தாளிட்டார். ரம்பத்தை இடைவெளிக்குள் நுழைத்துப் பார்த்தார். பாசி தடுத்தது. பல் பதியவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, பாசியைப் பிய்த்து எறியக் கையை நீட்டினார்.

பாசி துண்டு துண்டாக வரவில்லை. மேலே படர்ந்திருந்தது மட்டும் ஒரே விரிப்பாக, போர்வையை விலக்குவதுபோலக் கழன்று வந்தது.

உள்ளே நூல் இருந்தது.

வேரைச் சுற்றி இன்னொரு அடுக்கு பாசி. அது கறுத்துப் பொடியாகியிருந்தது. அதன்மேல் நூல். வெளிறிய மஞ்சள். மேலிருந்து கீழே, சுற்று சுற்றாக, ஒரே இடைவெளியில் சீராகப் போயிருந்தது. கடைசியில் ஒரு சின்ன முடிச்சு.

தெய்வசிகாமணி கையில் பாசியோடு அப்படியே இருந்தார்.

மார்த்தா பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“இது நீங்க கட்டினதா?”

“இல்லை.”

“பாசி தானா வந்ததுன்னீங்க.”

அவள் விரலால் நூலைத் தடவினாள். நூல் அசையவில்லை. பல இடங்களில் பட்டைக்குள் புதைந்திருந்தது. இரண்டு பக்கமும் பட்டை வீங்கி அதை மூடப் பார்த்தது. வளைப்பதற்காகக் கிளையில் சுற்றிய கம்பியைக் கழற்ற மறந்தால் இப்படித்தான் ஆகும்.

“நல்லாக் கடிச்சிருக்கு,” என்றாள். “மூணு வருஷம் இருக்கும். உல்லன் நூல். மக்காத நூல். வேர் வெளியில தெரியுது, வெயில்பட்டுக் காஞ்சிடும்னு யாரோ ஈரப் பாசியை வச்சுச் சுத்தியிருக்காங்க.” முடிச்சைப் பார்த்தாள். “நூல் பழகின கை. யார் சார்?”

அந்த வருடம் மே மாதம் பொற்கொடி இங்கே வந்திருந்தாள்.

குழந்தை போன பிறகு. மாப்பிள்ளைதான் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாள் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும் என்றார். அவள் பகல் முழுக்க இந்தப் பின்கட்டுப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு சின்ன ஸ்வெட்டர். அவளே பின்னியது. வெளிர் மஞ்சள். கையை முதலில் பிரித்தாள், பிறகு மற்றக் கையை, பிறகு உடலை. பிரிக்கப் பிரிக்க நூலை உருண்டையாகச் சுற்றினாள். கைக்கு ஏதோ வேலை இருப்பது நல்லது என்று அவர் நினைத்தார். ‘குளிருது, உள்ள வாம்மா’ என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அவளுக்கு எதிரிலேயே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். படியில் உட்கார்ந்தால் கண் நேராகத் தொட்டியின் அடிக்குத்தான் போகும். அவர் ஊற்றி முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நூல் உருண்டை ஒரு நாள் இருந்தது. ஒரு நாள் இல்லை. அது எங்கே போயிற்று என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வேர் தரைக்குள் இறங்கிவிட்டதைப் பார்த்து, அதைக் கட்டிய பிறகும் அவள் எத்தனை நாள் அந்தப் படியில் உட்கார்ந்து, அவர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாள்?

“சார்,” என்றாள் மார்த்தா.

அவர் அந்தப் பாசி விரிப்பை மெதுவாக இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். விளிம்புகளை விரலால் அழுத்தினார். எழ முயன்றார். முடியவில்லை. மார்த்தா கை கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை விடாமல் நின்றார். கால் ரம்பத்தின் மேல் பட்டு, அது கல்லிலிருந்து சரிந்து தரையில் விழுந்து ஓசையிட்டது. இருவரும் பார்க்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். விரல் ஈரமாக இருந்ததால் திரை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. மார்த்தா போனை வாங்கித் தன் முந்தானையில் துடைத்து, பொற்கொடி என்ற பெயரைத் தேடி அழுத்தி, அவர் காதருகே பிடித்தாள்.

மணி வெகுநேரம் அடித்தது.

“அப்பா?”

பின்னணியில் தள்ளுவண்டிச் சத்தமும் யாரோ நர்சைக் கூப்பிடுவதும் கேட்டது.

“என்னப்பா இந்த நேரத்துல? நல்லாத்தானே இருக்கீங்க?”

அவர் வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது.

“அப்பா, பேசுங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“வர்றேன்மா,” என்றார். “இன்னைக்கே. மத்தியானப் பஸ்ல. விடியறதுக்குள்ள வந்துருவேன். எத்தனை நாள் ஆனாலும் இருக்கேன்.”

மறுமுனையில் தள்ளுவண்டிச் சத்தம் தூரமாகப் போய் நின்றது.

பிறகு அவள் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. தூங்க மறுக்கும் குழந்தைக்குச் சொல்வதுபோல மிருதுவாகச் சொன்னாள்.

“வேண்டாம்ப்பா. வெயில் காலம். மரம் காஞ்சிடும்.”